வார்டு எல்லையை மாற்றி வரைகிறார்கள்: யார் வரைகிறார்கள், எந்தக் கணக்கில்?

கேள்விக்குறி

எங்கள் நகராட்சியில் வார்டு மறுவரையறைக்கான வரைவு அறிவிப்பு வெளியாகியிருக்கிறது. மொத்தம் ஐந்து வார்டுகள். நான் மூன்றாவது வார்டு. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நான்கு தெருக்களை எங்களிடமிருந்து பிரித்து, பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நான்காவது வார்டில் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தெருக்காரர்கள் தங்கள் கவுன்சிலரைப் பார்க்க வேண்டுமானால் இனி மேம்பாலம் ஏறிச் சுற்றிப் போக வேண்டும்.

ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் போய் ஏன் இப்படி என்று கேட்டேன். "மேலிருந்து வந்தது" என்றார் ஒருவர். இன்னொருவர் "கம்ப்யூட்டர் போட்டது" என்றார். மேலே யார், கம்ப்யூட்டருக்குச் சொன்னது யார் என்று கேட்டால் பதில் இல்லை. அறிவிப்பில் வரைபடமும் கிடையாது. வடக்கே இன்ன சாலை, கிழக்கே இன்ன வாய்க்கால் என்று நான்கெல்லை மட்டும் எழுதியிருக்கிறது, பத்திரம் எழுதுவதுபோல.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் விளக்க முடியுமா? மனு கொடுத்தால் பயன் உண்டா?

வழிப்போக்கன்

பயன் இல்லை நண்பரே. யார் ஜெயிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் பென்சிலைத் தீட்டுவார்கள். உங்கள் மனு கோப்பில் போய்த் தூங்கும்.

பழைய வரைவாளர்

வழிப்போக்கன் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் நமக்கு இடம் இருக்கிறது. ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு முறை இந்த வேலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் முடிவு, மொத்தம் எத்தனை உறுப்பினர்கள் என்பது. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. இந்த எண் மாறினால் சராசரி மாறும். சராசரி மாறினால் எல்லாக் கோடும் நகரும். சென்னை மாநகராட்சி 2011 இல் விரிவாக்கப்பட்டபோது 155 வார்டுகள் 200 ஆயின. பழைய 155 இன் கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு ஓரத்தில் 45 ஐ ஒட்டவில்லை. பழைய நகரத்துக்குள்ளும் எல்லைகள் கலைந்தன.

அடுத்தது, எந்த மக்கள்தொகை என்பது. பெரும்பாலும் கடைசியாக வெளியான கணக்கெடுப்பு. அதில் ஒவ்வொரு கணக்கெடுப்பாளருக்கும் ஒரு சிறு வட்டாரம் ஒதுக்கியிருப்பார்கள். அந்த வட்டாரத்துக்கு ஒரே எண்தான் உண்டு. அதைப் பாதியாக வெட்டினால் இந்தப் பக்கம் எத்தனை பேர், அந்தப் பக்கம் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வரைபவர் கையில் இருப்பது வீடுகள் அல்ல, தெருக்களும் அல்ல. இந்த வட்டாரங்கள்தான். செங்கல் அடுக்குவதுபோல் அவற்றை அடுக்குகிறோம். செங்கல்லை உடைக்கக் கூடாது என்பது எழுதாத விதி.

எல்லைக் கோடு சாலையில் போனால் அது சாலையின் நடுக்கோடு. அதாவது வடக்குச் சிறகு ஒரு வார்டு, தெற்குச் சிறகு இன்னொரு வார்டு. சாக்கடை அடைத்துக்கொண்டால் இரண்டு கவுன்சிலர்களும் மற்றவரைக் கை காட்டுவார்கள். இதைத் தவிர்க்க வீடுகளின் பின்புறச் சுவரை எல்லையாக வைக்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். "கணக்கெடுப்பு வட்டாரம் தெருவில் முடிகிறது, நீ சுவரில் முடிக்காதே" என்றார் அதிகாரி. அவர் சொன்னது சரிதான்.

கேள்விக்குறி, உங்கள் ஐந்து வார்டுகளின் எண்களைப் போடுங்கள். பழையதும் புதியதும்.

கேள்விக்குறி

மொத்தம் 50,000 பேர். இதுவரை எங்கள் மூன்றாவது வார்டில் 11,900, நான்காவது வார்டில் 8,100. மற்ற மூன்றும் 10,300, 9,900, 9,800. வரைவில் அந்த நான்கு தெருக்களின் 1,300 பேரை மாற்றியதால் எங்களுடையது 10,600, அவர்களுடையது 9,400. மற்ற மூன்றைத் தொடவில்லை.

கோடும் கோணமும்

அப்படியானால் உங்கள் வார்டில் யாரையாவது குறைத்தே ஆக வேண்டும் என்பது தெளிவு. பழைய கணக்கில் உங்களில் மூன்று பேரின் வாக்குக்கு இருந்த எடை அங்கே இரண்டு பேரின் வாக்குக்கு இருந்தது. அது அநியாயம். கேள்வி "ஏன் மாற்றினார்கள்" என்பதல்ல, "ஏன் இந்தத் தெருக்கள்" என்பது.

இதே வரைவை வெவ்வேறு நாடுகளின் தராசில் வைத்துப் பாருங்கள். சராசரி 10,000. உங்களுடையது ஆறு சதவீதம் கூடுதல், நான்காவது வார்டு ஆறு சதவீதம் குறைவு. நியூசிலாந்தில் ஒவ்வொரு வார்டும் சராசரியிலிருந்து பத்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும், தேறிவிடும். தென்னாப்பிரிக்காவில் பதினைந்து சதவீதம் வரை விடுவார்கள், ஆனால் அங்கே எண்ணுவது பதிவுசெய்த வாக்காளர்களை. அமெரிக்காவிலோ மிகப் பெரிய வார்டின் கூடுதலையும் மிகச் சிறிய வார்டின் குறைவையும் கூட்டுவார்கள். ஆறும் ஆறும் பன்னிரண்டு. அங்கே உள்ளாட்சிகளுக்குப் பத்தைத் தாண்டினால் காரணம் சொல்லும் பொறுப்பு வரைந்தவர் தலையில் விழும். ஒரே வரைபடம், ஓரிடத்தில் தேர்ச்சி, இன்னோரிடத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம்.

இங்கிலாந்தில் இன்னும் ஒரு சுவாரசியம். அங்கே ஆணையம் இன்றைய வாக்காளர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீட்டையும் வாங்கிக்கொள்கிறது. கட்டி முடிக்காத குடியிருப்புகள்கூடக் கணக்கில் வரும். நல்ல யோசனை, மதிப்பீட்டைத் தருபவர் நேர்மையாக இருக்கும்வரை.

அரைநெல்லி

எண் சமமாக இருந்தால் நியாயம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எண்ணப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அனமோசா என்று ஒரு சிறு ஊர். நான்கு வார்டுகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1,370 பேர். தராசு துளியும் சாயவில்லை. ஆனால் இரண்டாவது வார்டில் மாநிலச் சிறைச்சாலை இருந்தது. கணக்கெடுப்பு கைதிகளையும் அங்கே வசிப்பவர்களாக எண்ணியது: 1,321 பேர். அவர்களுக்கு அங்கே வாக்குரிமை கிடையாது. அவர்களைக் கழித்தால் அந்த வார்டில் அறுபது பேர்கூட இல்லை. 2005 தேர்தலில் அங்கே வேட்பாளராக யாருமே நிற்கவில்லை. வாக்குச்சீட்டில் பெயரை எழுதிப் போடலாம் என்ற வசதி இருந்ததால் இரண்டு பேர் ஒருவரின் பெயரை எழுதிப் போட்டார்கள். ஒருவர் அவருடைய மனைவி, இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வாக்கில் அவர் நகர்மன்ற உறுப்பினர் ஆனார். அவர் எந்த மோசடியும் செய்யவில்லை. யாருமே செய்யவில்லை. பிறகு அந்த ஊர் வார்டு முறையையே கைவிட்டு, உறுப்பினர்களை ஊர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறைக்குப் போனது.

இதற்கு நேர் எதிர், கோட்டைத் தொடாமலே அநியாயம் செய்வது. டெக்சாஸில் மிட்லண்ட் கவுண்டி. நிர்வாகக் குழுவுக்கு நான்கு பகுதிகள். நகரம் வளர்ந்துகொண்டே போனது, எல்லை அப்படியே நின்றது. வழக்கு வந்தபோது ஒரு பகுதியில் 67,906 பேர், மற்ற மூன்றில் 852, 414, 828. 1968 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: மாநில அவைகளுக்குள்ள "ஒருவருக்கு ஒரு வாக்கு" விதி உள்ளாட்சிக்கும் உண்டு. மறுவரையறை என்றாலே சூழ்ச்சி என்பவர்கள் மறுவரையறை செய்யாமல் விடுவதையும் சூழ்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வழிப்போக்கன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோணல்மாணலாக வரைந்திருந்தால் பார்த்தவுடனே பிடித்துவிடலாமே? அந்த அமெரிக்கப் பல்லி வடிவத் தொகுதி போல?

கலங்கரை

அந்தப் பல்லியை விட்டுவிடுங்கள். அது 1812 இல் மாசசூசெட்ஸின் மாநில செனட் தொகுதி, உள்ளாட்சிக் கதை அல்ல. அதைவிட, அது நம் கண்ணைக் கெடுத்துவிட்டது. கோணலைத் தேடுகிறோம், நேர்கோட்டில் நடக்கும் அநியாயம் தெரிவதில்லை.

வடக்கு அயர்லாந்தில் டெர்ரி நகரம். (லண்டன்டெர்ரி என்பார்கள் இன்னொரு தரப்பார், பெயரிலேயே சண்டை.) 1936 இல் அந்த மாநகராட்சியை மூன்று வார்டுகளாகப் பிரித்தார்கள். பார்வைக்குச் சாதாரணமான மூன்று வார்டுகள்தான். 1967 கணக்கைப் பாருங்கள். இது பின்னால் அரசு அமைத்த கேமரன் விசாரணைக் குழு வெளியிட்டது.

தெற்கு வார்டில் கத்தோலிக்க வாக்காளர்கள் 10,047, மற்றவர்கள் 1,138, இடங்கள் எட்டு. வடக்கு வார்டில் கத்தோலிக்கர் 2,530, மற்றவர்கள் 3,946, அங்கும் எட்டு இடங்கள். ஆற்றின் மறுகரையில் வாட்டர்சைடு வார்டில் 1,852, 3,697, நான்கு இடங்கள். கூட்டிப் பாருங்கள்: 14,429 கத்தோலிக்கர், 8,781 மற்றவர்கள். மன்றத்தில் யூனியனிஸ்ட் கட்சிக்கு (பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்டுகளின் கட்சி) பன்னிரண்டு, எதிர்த்தரப்புக்கு எட்டு. ஆண்டாண்டுக்கும் அதே பன்னிரண்டு, அதே எட்டு.

இது கோட்டோடு நிற்கவில்லை. உள்ளாட்சி வாக்குரிமை அங்கே வீட்டோடு கட்டப்பட்டிருந்தது: வீட்டின் உரிமையாளர் அல்லது வாடகைக்கு எடுத்தவர், அவருடைய துணை, பெரும்பாலும் இவ்வளவுதான். வயதுவந்த பிள்ளைக்கு வாக்கு இல்லை. ஆக, புது வீடு என்றால் புது வாக்கு. கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வடக்கு வார்டில் வீடு கட்டிக் கொடுத்தால் கணக்கு கெடும். தெற்கு வார்டிலோ இடம் நிரம்பிவிட்டது. அதனால் வீட்டுக்கு மனுப் போட்டவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். வார்டு எல்லை ஒரு குடும்பத்தின் சமையலறை வரைக்கும் வந்தது என்றால் அது இதுதான். 1968 அக்டோபரில் அந்த ஊர்த் தெருவில் நடந்த ஊர்வலமும் தடியடியும் உலகம் அறிந்தவை. அடுத்த ஆண்டு அந்த மாநகராட்சியே நீக்கப்பட்டு, நியமனக் குழு ஒன்று பொறுப்பேற்றது.

கோணலும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அலபாமாவின் டஸ்கீகியில் 1957 இல் வார்டை அல்ல, நகர எல்லையையே மாற்றினார்கள். சதுரமாக இருந்த ஊர் இருபத்தெட்டுப் பக்க உருவமானது. ஏறக்குறைய நானூறு கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேரைத் தவிர எல்லாரும் ஒரே சட்டத்தில் ஊருக்கு வெளியே போனார்கள். 1960 இல் உச்ச நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

கோடும் கோணமும்

கலங்கரை சொன்னதைச் சிறு கணக்காகப் போடுகிறேன், கேள்விக்குறியின் ஊர் அளவிலேயே. 50,000 பேரை இரண்டாயிரம் பேர் கொண்ட 25 வட்டாரங்களாக வைத்துக்கொள்ளுங்கள். வார்டுக்கு ஐந்து வட்டாரம். பத்து வட்டாரங்களில் மட்டும் ஒரு தரப்பு வலுவாக இருக்கிறது. வார்டுக்கு இரண்டாகத் தூவினால் அவர்களுக்கு ஒரு வார்டும் கிடைக்காது. ஐந்தும் ஐந்துமாக இரண்டு வார்டில் அடைத்தால் இரண்டு கிடைக்கும். மூன்று, மூன்று, மூன்று, ஒன்று, சுழியம் என்று வைத்தால் மூன்று வார்டு, அதாவது பெரும்பான்மை. மக்கள் அதே மக்கள், வாக்கு அதே வாக்கு, ஒவ்வொரு வார்டிலும் சரியாகப் பத்தாயிரம் பேர். எந்தத் தராசிலும் தேறிவிடும்.

ஸ்காட்லாந்து 2007 இலிருந்து உள்ளாட்சியில் வார்டுக்குப் பெரும்பாலும் மூன்று நான்கு பேரை விருப்ப வரிசை வாக்கில் தேர்ந்தெடுக்கிறது. அந்த முறையில் கோட்டை எங்கே போட்டாலும் லாபம் குறைவு. ஒற்றை உறுப்பினர் வார்டில்தான் பென்சிலுக்கு இத்தனை மவுசு.

நடைவண்டி

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டால் என்ன? அதற்குக் கட்சி கிடையாதே.

கோடும் கோணமும்

கட்சி கிடையாது. கட்டளை உண்டு. "எண்ணைச் சமமாக்கு" என்றால் ரயில் பாதையைத் தாண்டும், "பாதையைத் தாண்டாதே" என்றால் எண் கொஞ்சம் சாயும். எதை முதலில் சொல்வது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார்.

அரைநெல்லி

யார் வரைவது என்ற கேள்விக்கு வருவோம். நியூசிலாந்தில் மன்றமே ஆறு ஆண்டுக்குள் ஒருமுறையாவது தன்னைத் தானே மறு ஆய்வு செய்ய வேண்டும்; பிடிக்காதவர் மேல்முறையீடு செய்தால் ஆணையம் தீர்க்கும். இங்கிலாந்தில் வரைவதே தனி ஆணையம். மன்றம் தன் யோசனையைச் சொல்லலாம், குடிமகனும் சொல்லலாம். இந்தியாவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 2017 சட்டப்படி மறுவரையறை ஆணையம் இருக்கிறது, மாநிலத் தேர்தல் ஆணையர் அதன் தலைவர்.

"ஆணையம் என்றால் நியாயம்" என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஓர் ஆலோசனைக் குழு இருந்தது, அதை நியமித்ததில் மன்ற உறுப்பினர்களுக்குப் பெரும் பங்கு, இறுதி வரைபடமும் அவர்கள் கையில்தான். 2021 இல் அந்த வரைபடத்தைப் பற்றி மூன்று உறுப்பினர்கள் அறைக்குள் பேசிய பேச்சு 2022 அக்டோபரில் கசிந்தது. எந்த வார்டுக்கு எந்த விமான நிலையம், எந்தப் பல்கலைக்கழகம் என்ற பங்கு பிரிப்பும், நடுவில் இன வசையும். மன்றத் தலைவர் பதவி விலகினார். 2024 நவம்பரில் நகர மக்கள் வாக்களித்து, மன்றத்தின் கையில் சிக்காத தனி ஆணையத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் கோடு போட்ட பிறகு எந்த வார்டு பெண்களுக்கு, எந்த வார்டு பட்டியல் சாதியினருக்கு என்று ஒதுக்க வேண்டும். ஒதுக்கீடு வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிடிக்காத கவுன்சிலரின் வார்டு பார்த்து ஒதுக்குவதும் நடக்கும். கோவாவில் மாநிலச் சட்டச் செயலரே தேர்தல் ஆணையர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தார். ஐந்து நகராட்சிகளின் வார்டு ஒதுக்கீடு ரத்தாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அரசு ஊழியர் அந்தப் பதவியில் உட்காரக் கூடாது என்று 2021 மார்ச்சில் தீர்ப்பு வந்தது.

பழைய வரைவாளர்

நீதிமன்றக் கதை போதும். கேள்விக்குறிக்கு இருப்பது இரண்டு வாரம், அதிலும் நாட்கள் போய்விட்டன.

நான் பார்த்த ஆட்சேபங்களில் பெரும்பாலானவை "எங்கள் பகுதி மக்கள் பெரும் மனவேதனையில் உள்ளனர்" என்று தொடங்கி அங்கேயே முடிந்தவை. நூறு கையெழுத்து இருக்கும், ஓர் எண் இருக்காது. அவற்றைப் படித்தோம், "பரிசீலிக்கப்பட்டது" என்று முத்திரை குத்தினோம். எங்கள் கல்மனசு அல்ல காரணம். நான்கு தெருவை உங்களிடம் திருப்பிக் கொடுத்தால் நான்காவது வார்டு மறுபடி 8,100 க்குப் போய்விடும். அந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது? அதைச் சொல்லாத மனுவை வைத்துக்கொண்டு வரைபவர் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே மாற்றை நீங்களே கொடுங்கள். வட்டார வாரியான எண்ணைத் தகவல் உரிமைச் சட்டத்திலோ நேரிலோ கேட்டு வாங்குங்கள். பாதையைக் கடக்க மேம்பாலம் இருக்கிறது என்றீர்கள். பாலத்தடியில் உங்கள் வார்டைச் சேர்ந்த வட்டாரம் எது? அதை அனுப்பினால் எண் சரியாகிறதா? ஆனால் அங்கே இருப்பவர்களுக்கும் வாய் உண்டு என்பதை மறக்க வேண்டாம். அவர்களிடம் முதலில் பேசுங்கள். ஆட்சேபங்களை நேரில் விசாரிக்கும் கேட்பு நாளில் இருவர் எதிரெதிராக நின்றால் அதிகாரி வரைவையே உறுதிசெய்துவிட்டு எழுந்து போய்விடுவார். வட்டார எல்லை வரைபடத்தையும் பாருங்கள், எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்விக்குறி (ஏழு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி, வரைவாளர் ஐயாவுக்குத் தனியாக. நடந்ததைச் சொல்கிறேன்.

பாலத்தடி வட்டாரத்தில் 1,500 பேர். அங்கிருந்து அந்தப் பக்கம் நடந்தே ஐந்து நிமிடம். பிள்ளைகள் படிப்பது அங்கே, ரேஷன் வாங்குவதும் அங்கே. பெரியவர்கள் சிலரைப் பார்த்துப் பேசினோம்; எங்களுக்கு எந்த வார்டாக இருந்தாலும் சரி, தண்ணீர் வந்தால் போதும் என்றார்கள். நான்கு தெருவை விட்டுவிட்டு அந்த வட்டாரத்தை மாற்றினால் எங்கள் வார்டு 10,400, நான்காவது 9,600. வரைவைவிட நெருக்கமான எண். ஒன்றரைப் பக்கத்தில் எழுதி, கையால் வரைந்த படம் ஒன்றையும் இணைத்தோம். கேட்பில் எனக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். அதிகாரி எண்ணைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார், "சரி" என்று மட்டும் சொன்னார்.

நேற்று இறுதி அறிவிப்பு வந்தது. நான்கு தெருக்களும் எங்களிடமே இருக்கின்றன. பாலத்தடி வட்டாரம் நான்காவது வார்டுக்குப் போயிற்று. வழிப்போக்கன் கவனிக்கவும்.

வட்டார எல்லை வரைபடத்தைப் பாருங்கள் என்று ஐயா சொல்லியிருந்தார். எண் சரியாக வந்த மகிழ்ச்சியில் நான் அதைப் பார்க்கவில்லை. பாலத்தடி வட்டாரம் என்பது பாலத்தடியோடு முடியவில்லை. என் தெருவின் கிழக்குச் சிறகும் அதில்தான் அடக்கம். என் வீடு மேற்குச் சிறகு. ஆக, எதிர்வரிசை முழுவதும் நான்காவது வார்டு, நான் மூன்றாவது. மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் எதிர்வீட்டுப் பெரியவர். இன்று காலை அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். நான் பால் வாங்கப் போவதுபோல் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

பழைய வரைவாளர்

செங்கல்லை உடைக்க மாட்டார்கள் என்று முதல் பதிவிலேயே சொன்னேனே ஐயா. போய் அந்தப் பெரியவரைப் பாருங்கள். இரண்டு கவுன்சிலர் உள்ள தெரு என்று சொல்லிப் பாருங்கள், ஒருவேளை சிரிப்பார்.